விரல்களை இழந்த பல் டாக்டர்!

குழந்தைகளே, உங்கள் இடது கையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஐந்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன அல்லவா? இன்று நான் சொல்லப்போகும் டாக்டருக்கும் அப்படித்தான் இருந்தன. மற்றவர்களின் பல் வேரைப் பார்க்கப் போய், அவற்றை ஒவ்வொன்றாக இழந்தார். அவர் பெயர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ்.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி நதிக்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1856-ம் ஆண்டு பிறந்தார் கெல்ஸ். அப்பாவும் பல் டாக்டர்தான். நியூயார்க் சென்று படித்து, 1878-ல் பட்டம் பெற்று, சொந்த ஊருக்கே திரும்பி வந்தார்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர்! அப்போதெல்லாம் பல்லைத் துளைக்கும் கருவியை, தையல் மெஷினை மிதிப்பது போலக் காலால் மிதித்துத்தான் சுழற்றுவார்கள். கெல்ஸ் தன் மருத்துவமனைக்குள் மின்சாரத்தைக் கொண்டு வந்தார். சிகிச்சையின்போது வாயில் ஊறும் எச்சிலை இழுத்து எடுக்க, உறிஞ்சும் பம்ப் ஒன்றைச் செய்தார். பிறகு அது அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கும் பயன்பட்டது. இப்படிச் சுமார் 30 கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கினார்.

1885-ல் ஒரு பெண்ணை உதவியாளராக வேலைக்குச் சேர்த்தார். பெண்கள் துணை இல்லாமல் பல் டாக்டரிடம் போகத் தயங்கிய காலம் அது. உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்ததும், தைரியமாக வர ஆரம்பித்தார்கள். அந்த நாளில் இது எவ்வளவு புதுமை என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்வார்.

இத்தனை செய்தும் கெல்ஸுக்கு ஒரு குறை இருந்தது. பல்லில் கண்ணுக்குத் தெரிவது மேல் பகுதி மட்டுமே. ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளே புதைந்திருக்கும் வேரை எப்படிப் பார்ப்பது? குத்திப் பார்த்து, தட்டிப் பார்த்து, குத்துமதிப்பாகத்தான் வைத்தியம் நடந்தது.

1895-ம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். செய்தி உலகமெங்கும் பரவியது. கெல்ஸ் விடுவாரா? உடனே எக்ஸ்ரே கருவியை வாங்கி வைத்தார். போட்டோ பிலிமைச் சிறிதாக வெட்டி, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி, வாய்க்குள் வைத்துப் படம் எடுத்தார். பிலிம் அசையாமல் இருக்க ஒரு பிடிப்பானும் செய்தார். நோயாளி பல நிமிடங்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்! 1896 ஜூலையில், ஆஷ்வில் என்ற ஊரில் கூடிய பல் மருத்துவர்களுக்கு இதைச் செய்து காட்டினார். 1899-ல் பல் வேருக்குள் மெல்லிய ஈயக் கம்பியை விட்டுப் படம் எடுத்தார். வேரின் நீளம் எவ்வளவு என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. இன்று செய்யும் வேர் சிகிச்சைக்கும் இந்த அளவு தேவை.

இனிமேல்தான் கதையின் வருத்தமான பகுதி வருகிறது.

அந்தக் கால எக்ஸ்ரே குழாய் ஒரு நாள் இருந்தது போல் மறுநாள் இருக்காது. ஒரு சமயம் கதிர் பலமாக வரும், ஒரு சமயம் பலவீனமாக வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படித் தெரியுமா? குழாய்க்கு முன்னால் தன் கையை நீட்டுவார் கெல்ஸ். அந்தக் கையின் எலும்புகள் ஒளிரும் திரையில் தெளிவாகத் தெரியும்வரை கருவியைத் திருகிச் சரி செய்வார். தினமும் இப்படித்தான். ஆண்டுக்கணக்கில்!

வெயில் சுட்டால் நாம் நிழலுக்கு ஓடிவிடுவோம். எக்ஸ்ரே சுடாது, வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால், நம் உடலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற பொருளைச் சேதப்படுத்தும். கொஞ்சமாகப் பட்டால் பெரும்பாலும் உடல் தானே சரி செய்துகொள்ளும். தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும்.

எச்சரிக்கை வரவே இல்லையா என்று கேட்கிறீர்களா? வந்தது. பாஸ்டன் நகரில் வில்லியம் ராலின்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர், கினிப்பன்றிகள் மீது எக்ஸ்ரேயைச் செலுத்திப் பார்த்தார். அவை இறந்துபோயின. 1901-ல் அதைப் பத்திரிகையில் எழுதினார். குழாயைச் சுற்றிக் கதிர் வெளியே கசியாத உறை போட வேண்டும் என்றார். 1904-ல், எடிசனிடம் எக்ஸ்ரே வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்பவர் இதனாலேயே இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஆனாலும் பெரும்பாலானவர்கள் ராலின்ஸ் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றும் ஆகாதபோது யார்தான் பயப்படுவார்கள்?

கெல்ஸுக்கும் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இடது கைத் தோலில் புண் வந்தது. ஆறவில்லை. புற்றுநோய்! டாக்டர்கள் முதலில் விரல்களை எடுத்தார்கள். நோய் நிற்கவில்லை. பிறகு கையையே எடுத்தார்கள். அதற்கு மேலும் பரவியது. அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை.

இதற்கு நடுவிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எந்த நோய் வந்தாலும் பல்லைப் பிடுங்கிவிடும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. கண்டபடி பற்களைப் பிடுங்கக்கூடாது என்று வாதாடினார். 1925-ல் பல் மருத்துவர்களுக்காகப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டே இன்னொன்று! தனக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லி, எக்ஸ்ரேயின் ஆபத்தை மற்ற டாக்டர்களுக்கு உணர்த்தினார். 1928 மே 7 அன்று, 71 வயதில் காலமானார்.

அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1913-ல் கூலிட்ஜ் என்பவர் ஒரே சீராக வேலை செய்யும் எக்ஸ்ரே குழாயை உருவாக்கினார். கையை நீட்டிச் சோதிக்கும் அவசியமே இல்லாமல் போனது. உறைகளும் தடுப்புச் சுவர்களும் மெல்ல மெல்ல வந்தன.

இன்று பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. பிலிமுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு மின்னணுத் தகடு வந்துவிட்டது. நீங்கள் போகும்போது கவனியுங்கள். தகடு அசையாமல் இருக்க, கெல்ஸ் செய்தது போல ஒரு பிடிப்பானை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். பிறகு டாக்டர் இரண்டு மீட்டராவது தள்ளிப் போய், அல்லது சுவருக்குப் பின்னால் நின்று, நீளமான வயரின் முனையில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். அவருடைய பத்து விரல்களில் ஒன்றுகூடக் கதிரின் வழியில் இருக்காது.