விசித்திர சித்தன்

ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் என்னும் பேரரசன் (கி.பி. 161–180) போர்ப் பாசறையில் இருந்தபடியே தன் மனத்திற்குத் தானே அறிவுரை எழுதி வைத்தான் என்று படித்து வியக்கிறோம். அவனுக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின், நம் காஞ்சி மாநகரில் வீற்றிருந்த மன்னன் ஒருவனும் எழுதினான். அறிவுரை அன்று, நகைச்சுவை நாடகம்!

அவனே முதலாம் மகேந்திரவர்மன். சிம்மவிஷ்ணுவின் மைந்தன். ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை அரசு செலுத்தியவன். குணபரன், சத்துருமல்லன், மத்தவிலாசன் எனப் பட்டங்கள் பல பூண்டவன். ஆயினும் விசித்திரசித்தன் என்ற பட்டமே அவன் உள்ளத்திற்கு ஏற்றது என்பேன்.

சமணனாயிருந்த இவனை அப்பரடிகள் சைவனாக்கினார் என்று பள்ளியிலேயே படித்தோம். அப்பரை நீற்றறையில் இட்டதையும், கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்ததையும், பின்னர் மனம் மாறிய பல்லவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததையும் பெரியபுராணம் கூறும். ஆனால் சேக்கிழார் பாடியது ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. மகேந்திரன் என்ற பெயரும் அதில் இல்லை. குணபரன் என்ற பட்டத்தைக் கொண்டே அறிஞர்கள் இவன் எனத் துணிந்தனர். திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டோ மனமாற்றத்தை இருபொருள்படக் குறிப்பாகச் சொல்கிறது. பள்ளிகளை இடித்தது உண்மையாயின், அது அவன் புகழுக்கு மாசே.

மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குன்றைக் குடைந்து, பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் ஒரே கோயில் அமைத்தான். மகேந்திரவாடியில் திருமாலுக்குத் தனிக்கோயில்.

இனி நாடகம். மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. குடிபோதையில் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் புத்த பிக்குமீது பழி போடுகிறான். அந்தப் பிக்குவோ, மதுவையும் மங்கையரையும் புத்தர் விலக்கியிருக்கவே மாட்டார், கிழட்டுப் பிக்குகள்தாம் அந்த ஏடுகளை ஒளித்துவிட்டனர் என்று ஐயுறுபவன்! வழக்கைத் தீர்க்க வந்த பாசுபதனும் தப்பவில்லை. காபாலிகனும் பாசுபதனும் சிவநெறியினர் என்பதை நினைவிற் கொள்க. நீதிமன்றம் போகலாம் என்றதும் காபாலிகனின் துணைவி அஞ்சுகிறாள். விகாரைகளின் செல்வத்தால் பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், ஏழைகள் நாம் என் செய்வோம் என்கிறாள். அந்த நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதிய மன்னனுடையது! கோயில் கட்டிய மன்னர் பலர்; தன் அதிகாரிகள் கைக்கூலி பெறுவர் எனத் தானே எழுதியவர் எத்தனை பேர்? மதமாற்றக் கதையைவிட இந்த ஓரிடமே அவன் மனத்தை எனக்குக் காட்டியது.

கபாலத்தைத் திருடியது, அதிலிருந்த இறைச்சிக்காக, ஒரு நாய்.

காஞ்சியில் பிறந்த இந்நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. கேரளக் கோயில்களில் சாக்கியர்கள் இதனை ஆடி வந்துள்ளனர். நம் கல்லூரி நாடக மேடையிலும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாமே!