வணிகத்தில் ஈட்டி வாரி வழங்கிய வள்ளல்: காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு

மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்வோர்க்கு நாகேஸ்வர ராவ் பூங்கா நன்கு அறிமுகமான இடம். விடியற்காலையில் நடைபயில்வோரும் மாலையில் விளையாட வரும் சிறுவரும் அப்பெயரை நாள்தோறும் சொல்கின்றனர். அருகிலேயே லஸ் சர்ச் சாலையில் உள்ள அமிர்தாஞ்சன் நிறுவனத்தையும் அனைவரும் அறிவர். பூங்கா யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரே அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் என்பதை அறிந்தோர் இன்று குறைவு. பரம்பரைச் செல்வம் ஏதுமின்றித் தம் உழைப்பால் உயர்ந்து, உயர்ந்தபின் ஈட்டியதைப் பொதுப்பணிக்கு ஈந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் வாழ்க்கை வணிகப் பெருமக்கள் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

கிருஷ்ணா மாவட்டத்தில் எலகுர்ரு என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் பிறந்தார். மசூலிப்பட்டினத்தில் பள்ளிக்கல்வி பெற்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளைஞர்க்கு அரசுப்பணியே உயர்வெனக் கருதப்பட்ட காலம் அது. அவரோ வணிகத்தையே நாடினார். கல்கத்தாவில் மருந்து வணிகம் செய்வோரிடம் பணியாற்றி அத்தொழிலின் அடிப்படைகளைக் கற்றார். பின்னர் பம்பாய் சென்று ஓர் ஐரோப்பிய நிறுவனத்தில் அலுவலராக அமர்ந்தார்.

பிறரிடம் ஊழியம் செய்து நிறைவுறும் இயல்பு அவருக்கில்லை. தலைவலியும் உடல்வலியும் தீர்க்கும் மஞ்சள் நிறத் தைலம் ஒன்றை உருவாக்கி, 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டு மருந்துகளே மதிக்கப்பட்ட சந்தையில், பெயர் அறியப்படாத உள்நாட்டுத் தைலத்தை யார் வாங்குவர்? இசைக்கச்சேரி நடக்கும் இடங்களில் கூடியோர்க்கு அத்தைலத்தை இலவசமாக வழங்கினார். பயன்படுத்தி நலம் கண்டோர் பிறர்க்கு எடுத்துரைத்தனர். பத்தணா விலையில் விற்ற அந்தச் சிறு புட்டி இல்லந்தோறும் இடம்பெற்றது, அவரும் பெருஞ்செல்வரானார்.

செல்வம் சேர்ந்தபின் அவர் மேற்கொண்ட பணிகளே அவரைச் சிறப்புறச் செய்தன. 1907ஆம் ஆண்டு சூரத் காங்கிரஸ் மாநாட்டுக் காலத்தில், நாட்டின் நிகழ்ச்சிகளைத் தெலுங்கு மக்களுக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைக்கத் தக்க இதழ் இல்லாத குறையை உணர்ந்தார். மறு ஆண்டே பம்பாயிலிருந்து ஆந்திர பத்திரிகா என்னும் வார இதழைத் தொடங்கினார். 1914இல் அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஏப்ரல் முதல் நாளன்று நாளிதழாக்கினார். அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. கடல்கடந்த போரின் செய்தியைத் தாய்மொழியில் அறியும் வாய்ப்பை அந்நாளிதழ் மக்களுக்கு அளித்தது.

1924இல் பாரதி என்னும் இலக்கியத் திங்களிதழைத் தொடங்கினார். 1926இல் ஆந்திர கிரந்தமாலை என்னும் வெளியீட்டகம் கண்டு, பழைய நூல்களையும் புதிய நூல்களையும் எளியோரும் வாங்கத் தக்க விலையில் பதிப்பித்தார். கொமர்ராஜு லட்சுமண ராவ் தொடங்கிய தெலுங்குக் கலைக்களஞ்சியப் பணி, அவர் 1923இல் மறைந்ததால் தடைப்பட்டது. அப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்றார் நாகேஸ்வர ராவ். நூலக இயக்கத்திற்கும் பெருந்துணையாய் நின்றார். இவை எவையும் இலாபம் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. தைலத்தில் வந்த வருவாய் நூலாகவும் இதழாகவும் நூலகமாகவும் உருமாறிற்று. உதவி நாடி வந்த எழுத்தாளரும் மாணவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை எனப் புகழப்பட்டார். காந்தியடிகள் அவரை விசுவதாதா எனப் போற்றினார். தேசோத்தாரகர் என்னும் பட்டத்தையும் மக்கள் சூட்டினர்.

பொருளை மட்டும் அளித்துத் தாம் ஒதுங்கி நிற்கும் கொடையாளராக அவர் இருக்கவில்லை. ஆட்சியாளரின் சினத்திற்கு ஆளானால் தொழில் அழியும் என்று வணிகர் அஞ்சுவது இயல்பு. இழப்பதற்கு மிகுதியாக உடைய அவரோ, அறுபதைக் கடந்த வயதில் உப்புச் சத்தியாக்கிரகப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலிருந்த நாளையும் வீணாக்காமல் பகவத்கீதைக்கு உரை வரைந்தார். 1935இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாபிரபூர்ணர் என்னும் சிறப்புப் பட்டம் அளித்தது.

மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் ஸ்ரீபாக். கடலோர ஆந்திரத் தலைவர்களுக்கும் இராயலசீமைத் தலைவர்களுக்கும் இடையே ஐயங்கள் வளர்ந்திருந்த நாளில், இருதரப்பினரும் அவ்வில்லத்திலேயே கூடினர். பாசனம், கல்வி, சட்டமன்ற இடங்கள், தலைநகரம், உயர்நீதிமன்றம் ஆகியவை பற்றி 1937 நவம்பர் 16ஆம் நாள் அங்கு உருவான உடன்பாடு, அவ்வில்லத்தின் பெயராலேயே ஸ்ரீபாக் ஒப்பந்தம் என வரலாற்றில் நிலைபெற்றது. பிணங்கியோர் இருவரும் நம்பி வந்து அமரத்தக்க இல்லமாகத் தம் இல்லத்தை வைத்திருந்ததும் ஒரு கொடையே.

ஐந்து திங்கள் கழிந்து, 1938 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் மறைந்தார். தாம் விரும்பிய ஆந்திர மாநிலத்தைக் காண அவர் இல்லை. 1953இல் அம்மாநிலம் மலர்ந்தபோது தலைநகர் கர்நூலில் அமைந்தது. பின் உயர்நீதிமன்றம் குண்டூரில் அமைந்தது. ஸ்ரீபாக்கில் பேசி முடித்த சொல் அங்ஙனம் காக்கப்பட்டது.

அவருக்குப்பின் மருமகர் சிவலெங்க சம்பு பிரசாத் நிறுவனத்தையும் இதழையும் ஏற்று நடத்தினார். ஆந்திர பத்திரிகா இன்று வெளிவருவதில்லை, பாரதியும் நின்றுவிட்டது. ஆயினும் அவ்விதழ்களால் வளர்ந்த எழுத்தும், அவர் பதிப்பித்த நூல்களும் தெலுங்கு மொழியின் செல்வமாக நிலைத்துள்ளன. மஞ்சள் தைலப் புட்டி இன்றும் கடைதோறும் கிடைக்கிறது.

வெளியூரிலிருந்து வந்து இந்நகரில் கடை திறந்து, குடும்பத்தோடு வேரூன்றிய வணிகர் பலர். அவருள் ஒருவராகிய நாகேஸ்வர ராவ், கணக்கேட்டின் வரவுப் பக்கத்தை எத்துணைக் கருத்தோடு பேணினாரோ, அத்துணைக் கருத்தோடு ஈகையின் பக்கத்தையும் பேணினார். அவர் பெயர் தாங்கிய பூங்காவின் மரநிழல் வருவோர் எவர் என வினவுவதில்லை. அவர் கொடையும் அத்தகையதே.