உலகக் குடும்பத்தை ஒன்று கூட்டிய போட்டோக்காரர்

அந்தச் சிறுவன் 50 படம் எடுத்தான். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது ஒரே ஒரு படம்தான் தேறியது. மற்ற 49-ம் பாழ்!

தேறிய படத்தில் அவனுடைய தங்கை பியானோ வாசித்துக்கொண்டு இருந்தாள்.

50-க்கு ஒன்றுதானா என்று தகப்பனார் முகம் சுளித்தார். தாயாரோ, இந்த ஒரு படத்தின் அழகுக்கு அந்த 49-ம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

தாயார் சொன்னதே மகனுக்குப் பிடித்தது. காமிராவை அவன் கீழே வைக்கவில்லை.

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எட்வர்டு ஸ்டைக்கன்தான் அந்தச் சிறுவன்.

தாயாரின் தொப்பிக் கடை

ஐரோப்பாவில் லக்சம்பர்க் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அங்கே 1879-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஸ்டைக்கன் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது.

தகப்பனார் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அவருடைய உடல் நலம் கெட்டது. தாயார் பெண்கள் அணியும் தொப்பிகளைச் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

15-வது வயதில் எட்வர்டு, மில்வாக்கி நகரில் ஒரு லித்தோ அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். அங்கே விளம்பரங்களுக்குப் படம் வரைவார்கள். பழைய புத்தகங்களைப் பார்த்துப் பன்றியும் கோதுமைக் கதிரும் வரைந்தார்கள். அவை நிஜம்போல இல்லை.

உண்மையான பன்றியைப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தால் என்ன என்று எட்வர்டுக்குத் தோன்றியது. 1895-ல் ஒரு பழைய காமிராவை வாங்கினான். அவன் வரைந்த பன்றிகள் இறைச்சி வியாபாரிகளுக்குப் பிடித்துவிட்டன!

இது கலையா?

1900-ல் ஸ்டைக்கன் பாரிசுக்குப் புறப்பட்டார். வழியில் நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் என்ற புகழ் பெற்ற போட்டோ நிபுணரைச் சந்தித்தார். அவர் ஸ்டைக்கனின் 3 படங்களை, படம் ஒன்றுக்கு 5 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் போட்டோவைக் கலை என்று பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பொத்தானை அமுக்கினால் இயந்திரம் படம் பிடிக்கிறது. இதில் மனிதனுடைய திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஸ்டைக்கன் வாயால் பதில் சொல்லவில்லை. ரசாயனத்தால் பதில் சொன்னார்.

பசையும் சாயமும் கலந்து காகிதத்தில் பூசினார். ஒரே படத்தை மறுபடியும் மறுபடியும் அச்சிட்டு நிறம் ஏற்றினார். சிற்பி ரோடினைத் தனியாகவும், அவர் செய்த சிலையைத் தனியாகவும் படம் எடுத்து, இரண்டையும் ஒன்றாக இணைத்தார். அச்சகத்தில் படித்த வித்தை இங்கே கை கொடுத்தது.

நியூயார்க்கில் உள்ள ஒரு கட்டிடத்தை, மழை நனைத்த மாலை வேளையில் எடுத்ததுபோல அவர் ஆக்கிய படம் ஒன்று உண்டு. 2022-ல் அது 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரு காலத்தில் 5 டாலருக்குப் படம் விற்றவர் அவர்!

ஆகாயத்தில் இருந்து

முதல் உலகப் போர் வந்தது. 1917-ல் ஸ்டைக்கன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். விமானத்தில் இருந்து படம் எடுக்கும் வேலையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அதுவரை மங்கலான, கனவு போன்ற படங்களால் பெயர் வாங்கியவர் அவர். போர்க்களத்தில் மங்கல் உதவுமா? எது பதுங்கு குழி, எது பீரங்கி என்று துல்லியமாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் வீரர்களின் உயிர் போய்விடும்.

போர் முடிந்து திரும்பியவர் பழைய ஸ்டைக்கன் அல்ல. தாம் தீட்டிய ஓவியங்களைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். காமிராவை மாணவனைப்போல மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.

ஒரு வெள்ளைக் கோப்பையையும் தட்டையும் வைத்துச் சுமார் 1,000 முறை படம் எடுத்தார். வெளிச்சம் எப்படி விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று ஆராய்ந்தார். சில பழங்களைப் போர்வைக் கூடாரத்துக்குள் வைத்து, மிகச் சிறிய துளை வழியாக 36 மணி நேரம் ஒரே படம் எடுத்தார். விஞ்ஞானி சோதனைச் சாலையில் செய்யும் வேலை இது.

1923-ல் இரண்டு பெரிய பத்திரிகைகளுக்குத் தலைமைப் போட்டோக்காரர் ஆனார். கிரேட்டா கார்போ போன்ற சினிமா நட்சத்திரங்கள் அவர் காமிரா முன் வந்து நின்றார்கள்.

காட்சி சாலையில் பூச்செடி

பூச்செடி வளர்ப்பதில் ஸ்டைக்கனுக்குப் பெரிய ஆசை. டெல்பினியம் என்ற நீலப் பூச்செடியில் ஒரு ரகத்தை இன்னொரு ரகத்தோடு சேர்த்துப் புது ரகங்கள் உண்டாக்கினார். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் சிலவற்றைத்தான் தேர்ந்தெடுப்பார். மற்றவற்றை ஒதுக்கிவிடுவார்.

1936-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சி சாலையில் ஒரு வாரம் அந்தப் பூக்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். ஓவியமும் சிற்பமும் வைக்கும் இடத்தில் உயிருள்ள பூக்கள்! புது மலரைப் படைப்பதும் கலைதான் என்று ஸ்டைக்கன் நம்பினார்.

போரை வெறுத்தார்

இரண்டாவது உலகப் போரின்போது, 62 வயதில், கடற்படையில் சேர்ந்தார். விமானத் தளக் கப்பல்களில் நடப்பதைப் படம் எடுக்க ஒரு குழுவை அமைத்தார். 1947-ல் நவீனக் கலைக் காட்சி சாலையின் போட்டோப் பகுதிக்கு டைரக்டர் ஆனார்.

போரைப் பற்றி 3 கண்காட்சிகள் நடத்தினார். போரின் கொடுமையைக் கண்ணால் பார்த்தால் மக்கள் திருந்துவார்கள் என்று எதிர்பார்த்தார். மக்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சிலர் கண்ணீர் விட்டார்கள். வெளியே போனதும் மறந்துவிட்டார்கள்.

ஸ்டைக்கன் யோசித்தார். மனிதன் மனிதனைக் கொல்வதைக் காட்டியது போதும். எல்லா நாட்டு மனிதர்களும் எப்படி ஒன்றுபோல வாழ்கிறார்கள் என்று காட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

20 லட்சத்தில் 503

உலகம் எங்கும் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் குவிந்தன. அவற்றில் இருந்து 503 படங்களைப் பொறுக்கினார். 68 நாடுகளைச் சேர்ந்த 273 பேர் எடுத்த படங்கள் அவை.

1955-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி அந்தக் கண்காட்சி தொடங்கியது. அதற்கு மனிதக் குடும்பம் என்று பெயர்.

காதல், கல்யாணம், பிரசவம், உழைப்பு, விளையாட்டு, பசி, சாவு என்று மனித வாழ்க்கை முழுவதும் அங்கே இருந்தது. நாடு வேறு, நிறம் வேறு, உடை வேறு. பிள்ளையை அணைக்கும் தாயின் முகம் மட்டும் ஒன்றுதான்.

முடிவுக்குச் சற்று முன்னே ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் பெரிய வண்ணப் படத்தை வைத்தார். விஞ்ஞானம் தந்த காமிராவால் மனிதனை ஒன்று சேர்த்தவர், அதே விஞ்ஞானம் எல்லோரையும் அழித்துவிடவும் கூடும் என்று எச்சரித்தார். கடைசிப் படத்தில் இரண்டு குழந்தைகள் இருட்டில் இருந்து வெளிச்சத்துக்கு நடந்து போகிறார்கள்.

சிலர் குறை சொன்னார்கள். ஏழை பணக்காரன் பேதத்தையும் அநீதியையும் மறைத்து, எல்லோரும் ஒன்று என்று காட்டுவது சரியா என்று கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனாலும் மக்கள் திரண்டு வந்தார்கள். இந்தியா உள்படப் பல நாடுகளுக்கு அந்தப் படங்கள் போயின. 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

ஸ்டைக்கன் 1962-ல் ஓய்வு பெற்றார். தம் வீட்டுக் குளக்கரையில் நின்ற ஒரு சிறு மரத்தைக் காலந்தோறும் படம் எடுத்து மகிழ்ந்தார். 1973-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி காலமானார். இன்னும் இரண்டே நாள் இருந்திருந்தால் அவருக்கு 94 வயது நிறைந்திருக்கும்.

1994-ல் மனிதக் குடும்பம் படங்களை லக்சம்பர்க்கில் கிளர்வோ என்ற ஊரில் உள்ள கோட்டையில் நிரந்தரமாக வைத்தார்கள். குழந்தையாக இருந்தபோது அவர் விட்டு வந்த நாட்டில், இப்போது உலகக் குடும்பமே குடியிருக்கிறது.