ஒலியை ஒரே கோட்டில் அனுப்பியவர்



எங்க தெருவில் அம்மன் கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஊர் முழுக்கக் கேட்கும். நான் காதைப் பொத்திக்கிட்டுத்தான் பரீட்சைக்குப் படிப்பேன். டார்ச் லைட் மாதிரி சத்தத்தையும் ஒரே பக்கமா அடிக்க முடியாதா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சொன்ன பெயர்தான் பால் லாஞ்செவின்.

இவர் 1872-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். மேரி கியூரி அம்மையாரின் கணவர் பியர் கியூரிதான் இவருக்கு ஆசிரியர். குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்று பியரும் அவர் அண்ணனும் 1880-ல் கண்டுபிடித்திருந்தார்கள். திருப்பி மின்சாரம் கொடுத்தால் அந்தக் கல் அதிரும்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மறைந்திருந்து தாக்கின. தண்ணீருக்குள் வெளிச்சம் ரொம்ப தூரம் போகாது. சத்தம் போகும், விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர்! ஆனா சாதாரண சத்தம் நாலா பக்கமும் சிதறிடும். அலையின் நீளம் குறையக் குறையத்தான் அது குறுகிய கற்றையாகப் போகும். அதனால் நம் காதுக்கே கேட்காத மீயொலியை லாஞ்செவின் எடுத்துக்கொண்டார். சிலோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளரும் உதவினார். குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து மின்சாரத்தால் அதிர வைத்தார். 1918-ல் நீர்மூழ்கிக் கப்பலில் பட்டு எதிரொலி திரும்பி வந்தது! எதிரொலி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போடலாம். ஆனால் அந்தக் கருவி பெரிய அளவில் பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது.

இனிமேல்தான் எனக்கு அழுகை வந்த இடம். ஹிட்லரின் கொள்கையை இவர் துணிந்து எதிர்த்தார். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்ததும் இவரைச் சிறையில் போட்டது. பிறகு வேறு ஊரில் காவலில் வைத்தது. 1942-ல் இவருடைய மருமகனைச் சுட்டுக் கொன்றார்கள். மகளை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் உயிரோடு திரும்பியது பெரிய விஷயம். இவ்வளவு நடந்தும் லாஞ்செவின் பணியவில்லை. 1944-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். விடுதலைக்குப் பின் நாடு திரும்பி, 1946-ல் காலமானார்.

போருக்காகச் செய்த அதே வழியில்தான் இன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள். எங்க அக்காவின் வயிற்றில் பாப்பாவின் இதயம் துடிப்பதை நானே பார்த்தேன்!

என் கேள்விக்கும் பதில் இருக்கு. மீயொலிக் கற்றையில் பாட்டை ஏற்றி, எதிரே நிற்பவருக்கு மட்டும் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் வந்துவிட்டதாம். அது நம்ம ஊர் கொடைக்கு வரும்வரை நான் காதைப் பொத்திக்கிட்டே படிக்கிறேன்!


ஒன்பதாம் வகுப்பு மாணவி