ஆபீஸ் கான்பன் போர்டு எங்கிருந்து வந்தது? யார் இந்த டாயிச்சி ஓனோ?

ஜிராவில் டிக்கெட்டை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துபவரா நீங்கள்? அந்தப் போர்டின் பூர்வீகம் ஜப்பானின் டொயோட்டா கார் ஆலை. தொடங்கி வைத்தவர் டாயிச்சி ஓனோ.

1912-ல் சீனாவின் டாலியனில் பிறந்தார். முதலில் டொயோட்டா குழுமத்தின் நூற்பாலையில் வேலை. 1943-ல் கார் கம்பெனிக்கு மாறினார். போர் முடிந்ததும் கம்பெனியில் பணத்தட்டுப்பாடு. உதிரிபாகங்களைச் செய்து குவித்து வைக்க வழியில்லை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி காலியானால்தானே சரக்கை நிரப்புவார்கள்? ஓனோ அதை ஆலைக்குள் கொண்டுவந்தார். அடுத்த பிரிவு கேட்டால்தான், கேட்ட அளவுக்குத்தான் இந்தப் பிரிவு செய்யும். கேட்பதற்கு ஓர் அட்டை. அதுதான் கான்பன்.

ஒரு டீம் மட்டும் வேகமாக ஓடினால் அடுத்த டீம் வாசலில் வேலை மலையாகக் குவியும் (நம்ம டெஸ்டிங் டீமைக் கேட்டால் தெரியும்!). அதனால் எல்லாப் பிரிவும் சேர்ந்து மாறினால்தான் பலன். ஆனாலும் ஓனோ அவசரப்படவில்லை. 1940-களின் இறுதியில், தன் பொறுப்பில் இருந்த இயந்திரப் பிரிவில் மட்டும் சோதனையை ஆரம்பித்தார். ஒரே ஆள் பல இயந்திரங்களைப் பார்க்க வேண்டும் என்றதும் அங்கேயே எதிர்ப்பு கிளம்பியது. கம்பெனி முழுக்கக் கான்பன் வர 1962 ஆனது. ஒரே காலாண்டில் எல்லா டீமுக்கும் ஏஜைல் என்று மெயில் போடும் மேனேஜர்கள் கவனிக்க! அதற்கும் பிறகுதான் உதிரிபாகம் சப்ளை செய்யும் வெளி கம்பெனிகள்.

1973 எண்ணெய் நெருக்கடியை டொயோட்டா சமாளித்த விதத்தைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. ஓனோ 1990-ல் காலமானார். சாஃப்ட்வேர் டீம்கள் கான்பனைக் கையில் எடுத்தது 2000-களில்.