அட்சரகணிதம் தந்த அல்-குவாரிஸ்மி

கிண்ணியாவிலும் சாதாரண தர வகுப்பு மாணவர் பலர் அட்சரகணிதத்தைக் கண்டு அஞ்சுகின்றனர். ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா எனப்படும் அப்பாடத்தின் பெயரே ஒரு முஸ்லிம் அறிஞரின் நூலிலிருந்து வந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர் குறைவு.

அவர் முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. 780ஆம் ஆண்டளவில் பிறந்தவர். பக்தாதில் கலீபா அல்-மஃமூன் ஆதரித்த பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் பணியாற்றினார். இந்திய எண்முறையை விளக்கியும் ஒரு நூல் செய்தார். 850ஆம் ஆண்டளவில் மறைந்தார். அவரது அட்சரகணித நூல் 1145இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது.

குறியீடுகள் இன்றிச் சொற்களாலேயே அவர் சமன்பாடுகளைத் தீர்த்தார். அந்நூலின் கணிசமான பகுதி மரணசாசனமும் வாரிசுப் பங்கீடும் பற்றியது. அவ்வகைக் கணக்கொன்றை இன்றைய முறையில் பார்ப்போம். ஒருவர் 12 இலட்சம் ரூபா விட்டு இறக்கிறார். அதில் தீர்க்கவேண்டிய கடன் 3 இலட்சம். வாரிசுகள் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே. மகளின் பங்கு 'ப' எனில் மகனுக்கு 2ப. ஆகவே 3ப + 3 = 12. இருபுறமும் 3ஐ நீக்க, 3ப = 9; ப = 3. மகளுக்கு 3 இலட்சம், மகனுக்கு 6 இலட்சம். இருபுறமும் சமமானதை நீக்கும் இச்செயலையே அவர் முகாபலா என்றார்.

வீட்டில் நாளை எழக்கூடிய கேள்விக்கே இக்கணக்கு விடை தருகிறது. ஆசிரியர்கள் இதனைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினால் பிள்ளைகளின் அச்சத்தில் பாதி அகலும்.