முத்துக்கணக்குச் சொன்ன மகாவீராச்சாரியார்

இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கன் 814 முதல் 878 வரை ஆட்சி புரிந்தான். சமண அறத்தைப் போற்றிய அவ்வேந்தன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த கணிதப் பேராசான் மகாவீராச்சாரியார். இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரைத் தாங்கியவராதலின், நம் பிள்ளைகள் இருவரையும் ஒருவரென மயங்குவதும் உண்டு.

850ஆம் ஆண்டை ஒட்டி அவர் வடமொழியில் இயற்றிய நூல் கணித சார சங்கிரகம். ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் கணிதத்தை வானநூலின் ஓர் உறுப்பாகவே வைத்தனர். மகாவீரரோ கணிதம் ஒன்றையே பொருளாகக் கொண்டு ஒன்பது அதிகாரங்கள் வகுத்தார். முதலில் விதி, அடுத்துப் பயிற்சிக் கணக்குகள் என்பது அவர் முறை.

கொற்கை முத்தும் தூத்துக்குடிச் சங்கும் அறிந்தவர்க்கு அந்நூல் அயலாகத் தோன்றாது. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், குரவர் குரத்தியர் பெயர் சுமந்த வட்டெழுத்துகளும் பொறிக்கப்பட்டது ஏறத்தாழ அவர் காலத்தை ஒட்டியே.

அவருடைய கணக்கு ஒன்றைக் காண்போம். ஊடலில் ஒருத்தியின் முத்துவடம் அறுந்தது. மூன்றில் ஒரு பங்கு பணிப்பெண்ணிடம் சேர்ந்தது. ஆறில் ஒரு பங்கு மஞ்சத்தில் விழுந்தது. எஞ்சியதில் பாதி, பின்னும் எஞ்சியதில் பாதி என ஆறு முறை சிதறிய பின் வடத்தில் நின்றவை 1161. மொத்தம் எத்தனை?

மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் அரை. ஆகவே எஞ்சியது அரை. அதனை ஆறு முறை பாதியாக்கினால் 128இல் ஒரு பங்கு. அப்பங்கே 1161 எனின், அதனை 128ஆல் பெருக்க 1,48,608 முத்துகள். இத்துணை முத்தைக் கழுத்தில் சுமந்தவளுக்கு ஊடவும் வலிமை இருந்தது வியப்பே!

வடிவக் கணக்கில் சங்கு வடிவத்தையும் அளந்தார். அளவில் வேறுபட்ட இரண்டு அரைவட்டங்களை இணைத்த உரு அது. வட்டத்தின் சுற்றளவுக்கு, விட்டத்தைத் தோராயமாயின் 3ஆலும், நுட்பமாயின் 10இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கச் சொன்னார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை எனத் தெளிவாக உரைத்தவரும் அவரே. சுழியத்தால் வகுத்தால் எண் மாறாது என்றது மட்டும் பிழை. பெருமை பேசுங்கால் அதனை மறைத்தல் தகாது.

பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அந்நூலைத் தெலுங்கில் தந்தார். மூலநூலோ நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியார், மூடபித்ரிச் சமணர் காத்து வைத்த சுவடி உள்ளிட்டவற்றை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனைச் செப்பம் செய்தார். 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் அது நூலாக வெளிவந்தது.